வீட்டுக் கணினிக்கு எந்த ஆபீஸ் மென்பொருள்? காசு கொடுக்கத்தான் வேண்டுமா?

வணக்கம். படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் இருப்பது பழைய டெஸ்க்டாப், 4 ஜிபி ராம், விண்டோஸ் 10. மகள் பதினொன்றாம் வகுப்பு. வணிகவியலோடு கணினிப் பயன்பாடுகள் பாடமும் எடுத்திருக்கிறாள். கணவருக்கு ஹார்டுவேர் கடை; ஸ்டாக், பாக்கி, ஜிஎஸ்டி என்று கணக்கு வேலை இருக்கிறது. மாமனார் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய கட்டுரைகளை நிறைய சேர்த்து வைத்திருக்கிறார். சர்வீஸ் கடைக்காரர் "500 ரூபாய் கொடுங்க, லைஃப்டைம் எம்எஸ் ஆபீஸ் போட்டுத் தரேன்" என்கிறார். அதைப் போட்டுக்கொள்ளலாமா, வருடச் சந்தா கட்டலாமா, இலவசமாகக் கிடைப்பதே போதுமா என்பது உங்கள் கேள்வி.

லிப்ரே ஆபீஸ் என்ற இலவச ஆபீஸ் மென்பொருளைப் போடுங்கள். உங்கள் வீட்டில் நடக்கும் வேலையில் பெரும்பகுதிக்கு அது போதும், ஒரு பைசா செலவில்லை. கணவருடைய வரி வேலையில் ஓரிடத்தில் மட்டும் அசல் எக்செல் தேவைப்படலாம். அதைப் பின்னால் சொல்கிறேன். 500 ரூபாய் யோசனையை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள்.

அதைப் பற்றியே முதலில் பேசிவிடலாம், ஏனென்றால் பெரும்பாலான வீடுகளில் நடப்பது அதுதான். 500 ரூபாய்க்குக் கிடைக்கும் ‘லைஃப்டைம்’ ஆபீஸ் இரண்டு வகையில் வரும். ஒன்று, பெரிய நிறுவனங்களுக்கென்று மொத்தமாகக் கொடுத்த உரிமத்திலிருந்து கசிந்த சாவி. அதே சாவியைப் பலருக்கும் விற்றிருப்பார்கள். மைக்ரோசாஃப்ட் அதை அடைக்கும் நாளில் உங்கள் வேர்டு வேலை செய்யாது, விற்றவரைப் பிடித்துக் கேட்கவும் வழியில்லை. இரண்டாவது, உரிமச் சோதனையை ஏமாற்றும் ஆக்டிவேட்டர் என்ற சின்ன நிரல். அதை ஓட்டுவதற்கு முன்னால் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். நான் பயப்படுவது இதற்குத்தான். கணினியின் முழு அதிகாரத்தையும் கொடுத்து, காவலையும் அகற்றிவிட்டு, யார் எழுதியது என்றே தெரியாத ஒரு நிரலை உள்ளே விடுகிறோம். உங்கள் கணவர் அதே கணினியில்தான் வங்கிக் கணக்கையும் ஜிஎஸ்டி தளத்தையும் திறக்கப்போகிறார். ஆபீஸ் மென்பொருளில் மிச்சம் பிடிக்கும் பணத்துக்காக எடுக்கத்தக்க ஆபத்து இல்லை இது. சட்டப்படி தவறு என்பது தனி.

இனி லிப்ரே ஆபீஸுக்கு வருகிறேன். நேற்று முளைத்த பொருள் இல்லை இது. 1980களில் ஜெர்மனியில் ஸ்டார் டிவிஷன் என்ற நிறுவனம் எழுத ஆரம்பித்த ஸ்டார் ஆபீஸ்தான் இதன் மூலம். 1999இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அதை வாங்கி, அடுத்த வருடம் அதன் மூலநிரலை யாரும் பார்த்துத் திருத்தலாம் என்று திறந்துவிட்டது. ஓபன் ஆபீஸ் பிறந்தது. 2010இல் சன் நிறுவனம் ஆரக்கிள் கைக்குப் போனது. அதே ஆண்டு செப்டம்பரில், ஓபன் ஆபீஸின் எதிர்காலம் குறித்துக் கவலைப்பட்ட நிரலாளர்கள் வெளியே வந்து லிப்ரே ஆபீஸைத் தொடங்கினார்கள். அதை இப்போது நடத்துவது பெர்லினில் இருக்கும் டாக்குமென்ட் பவுண்டேஷன் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு. ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசு 2024இல், தன் 30,000 அலுவலகக் கணினிகளை இதற்கு மாற்றுவதாக அறிவித்தது. நம் ஊரிலும் இந்த வழியில் முன்பே நடந்திருக்கிறார்கள்: ஐஏஎஸ் அதிகாரி உமாசங்கர் தமிழக அரசின் எல்காட் நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில், 2007 வாக்கிலேயே அங்கே விண்டோஸுக்கு மாற்றான சூஸ் லினக்ஸும் ஓபன் ஆபீஸும் வந்துவிட்டன.

உங்கள் மகளுக்கு இதில் நேரடியான பயன் ஒன்று இருக்கிறது. 2018இல் வந்த புதிய பாடத்திட்டத்தின் பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். சொற்செயலி, அட்டவணைச் செயலி, நிகழ்த்துதல் ஆகிய மூன்று பாடங்களையும் ஓபன் ஆபீஸின் ரைட்டர், கால்க், இம்ப்ரெஸ் ஆகியவற்றை வைத்தே சொல்லிக்கொடுக்கிறார்கள். பள்ளியில் அதைப் படிக்கும் பிள்ளைக்கு வீட்டில் காசு கொடுத்து எம்எஸ் வேர்டு வாங்கித் தந்தால், புத்தகத்தில் இருக்கும் மெனு திரையில் இருக்காது. செய்முறைத் தேர்வுக்குப் பயிற்சி எடுக்கும்போது குழப்பம்தான் மிஞ்சும். லிப்ரே ஆபீஸில் அந்த மூன்றும் அதே பெயரோடு, ஏறத்தாழ அதே மெனுவோடு இருக்கின்றன. சின்னச் சின்ன வித்தியாசம் வரும். புத்தகத்தில் ஃபார்மேட் மெனுவில் பேஜ் என்றிருப்பது இங்கே பேஜ் ஸ்டைல் என்றிருக்கும். டேபிள் மெனுவில் இன்சர்ட்டுக்குள் போய்ச் செருக வேண்டிய அட்டவணை இங்கே நேராக இன்சர்ட் டேபிள் என்று இருக்கும். ஒரு நாள் உட்கார்ந்தால் பழகிவிடும்.

அப்படியானால் புத்தகத்தில் சொல்லும் ஓபன் ஆபீஸையே இறக்கிக்கொள்ளலாமே என்று தோன்றும். வேண்டாம். ஆரக்கிள் 2011இல் அதை அப்பாச்சி அமைப்பிடம் ஒப்படைத்துவிட்டது. இன்றும் அது அப்பாச்சி ஓபன் ஆபீஸ் என்ற பெயரில் கிடைக்கிறது. ஆனால் 2014இல் வந்த 4.1 வரிசையிலேயே நிற்கிறது; அதன் பிறகு வந்தவை சிறு திருத்தங்கள்தான். வேர்டின் டாக்எக்ஸ் கோப்பை அது திறக்கும், டாக்எக்ஸாகச் சேமிக்காது. இன்றைய தேதியில் இந்த ஒரு குறையே போதும், அதை ஒதுக்கிவைக்க. பெயர் பழகியதாக இருக்கிறதே என்று நிறைய பேர் அதைத்தான் இறக்குகிறார்கள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

இறக்கும்போது லிப்ரே ஆபீஸின் சொந்தத் தளத்துக்குப் போய் இறக்குங்கள். தேடலில் மேலே வரும் விளம்பரங்களையும், ‘ஃப்ரீ டவுன்லோடு’ என்று பெரிய பச்சைப் பொத்தான் காட்டும் வேறு தளங்களையும் தொடாதீர்கள். விண்டோஸின் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலும் லிப்ரே ஆபீஸ் இருக்கிறது, அங்கே சிறு கட்டணம் கேட்கும். அந்தப் பணம் வளர்ச்சிக்குத்தான் போகிறது, மோசடி இல்லை. ஆனால் தளத்தில் அதே மென்பொருள் இலவசம். 2024 முதல் பதிப்பு எண்ணை ஆண்டு, மாதம் என்று வைக்கிறார்கள்: 25.8 என்றால் 2025 ஆகஸ்ட். அந்த 25.8இலிருந்து விண்டோஸ் 7, 8 இரண்டுக்கும் ஆதரவை நிறுத்திவிட்டார்கள். உங்களுடையது விண்டோஸ் 10 என்பதால் கவலையில்லை. அந்த விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்டின் பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, அது வேறொரு பேச்சு. ஒருவேளை லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றுக்கு மாறினீர்கள் என்றால் அதில் லிப்ரே ஆபீஸ் கூடவே வரும். இப்போது பழகியது அப்போதும் உதவும்.

4 ஜிபி ராம் இதற்குத் தாராளம். திறக்க நேரமாகிறது என்று தோன்றினால் காரணம் பெரும்பாலும் பழைய ஹார்டு டிஸ்க்காகத்தான் இருக்கும். சந்தாவுக்கென்று எடுத்துவைத்த பணத்தில் ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக வேகமான எஸ்எஸ்டி ஒன்றை வாங்கிப் போடச் சொல்லுங்கள். எந்த மென்பொருளை வாங்கினாலும் கிடைக்காத வேகம் அதில் கிடைக்கும்.

போட்டவுடன் செய்ய வேண்டிய அமைப்புகள் சில உண்டு. தமிழில் எழுதுகிறவர்களுக்கு இவை ரொம்ப முக்கியம், யாரும் சொல்லித் தருவதில்லை. டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸ் போய், மொழிப் பகுதியில் ‘காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்’ என்பதை டிக் செய்து, பக்கத்தில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். லிப்ரே ஆபீஸ் ஆங்கிலத்துக்கு ஒரு எழுத்துரு, தமிழ் போன்ற மொழிகளுக்கு ஒரு எழுத்துரு என்று இரண்டைத் தனித்தனியாக வைத்திருக்கும், அளவும் தனித்தனி. ஸ்டைலில் எழுத்தின் அளவை 14 ஆக்கியும் தமிழ் மட்டும் 12இலேயே நிற்கிறது என்று தவிப்பவர்கள், ஆங்கிலத்துக்கான பெட்டியில் மட்டும் மாற்றியிருப்பார்கள். அதே ஆப்ஷன்ஸில் ரைட்டருக்கான ‘பேசிக் ஃபான்ட்ஸ்’ இரண்டு இடத்தில் இருக்கும். காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்டுக்கான பக்கத்தில் நிர்மலா யுஐ அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் என்று வைத்துவிடுங்கள். இனி திறக்கும் ஒவ்வொரு புதுக் கோப்பிலும் தமிழ் ஒழுங்காக விழும். தமிழ்ச் சொற்பிழை திருத்திக்கான அகராதியை நீட்சியாகச் சேர்க்கலாம். நம் மொழியில் விகுதிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்வதால் சரியான சொல்லுக்கும் அடியில் சிவப்புக் கோடு இழுக்கும். அதை நம்பி எதையும் திருத்தவேண்டாம், கண்ணில் படாத தட்டச்சுப் பிழையைக் காட்ட மட்டும் அது உதவும்.

வியூ மெனுவில் யூசர் இன்டர்ஃபேஸ் என்று ஒன்று இருக்கிறது. அதில் டேப்டு என்பதைத் தேர்ந்தெடுத்தால் தோற்றம் எம்எஸ் ஆபீஸ் மாதிரி மாறும். கணவருக்கு அது வசதியாக இருக்கலாம். மகளுக்கு மட்டும் பழைய மெனுவையே விட்டுவையுங்கள், புத்தகத்தோடு ஒத்துப்போவது அதுதான். விண்டோஸில் ஆளுக்கொரு பயனர் கணக்கு வைத்துவிட்டால் இந்த அமைப்புகள் ஒன்றோடொன்று மோதாது.

இனி நான் மிக முக்கியமாக நினைப்பதைச் சொல்கிறேன். எந்த மென்பொருள் சிறந்தது என்று தேடி அலைவதைவிட, நீங்கள் உருவாக்கும் கோப்பு யாரிடம் போகிறது என்று கேட்டுப் பாருங்கள். வீட்டுக்குள்ளேயே இருக்கும் கோப்பு, பிறர் படிக்கவோ அச்செடுக்கவோ மட்டும் போகும் கோப்பு, பிறர் திருத்தித் திருப்பி அனுப்பும் கோப்பு என்று மூன்று வகை. முதல் இரண்டிலும் லிப்ரே ஆபீஸால் உங்களுக்கு எந்தச் சிக்கலும் வராது. தொல்லை எல்லாம் மூன்றாவதில்தான்.

வீட்டுக்கான கோப்புகளை லிப்ரே ஆபீஸின் சொந்த வடிவமான ஓடிடி, ஓடிஎஸ்ஸிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஓடிஎஃப் எனப்படும் அந்தக் கோப்புத் தரத்தை 2006இல் சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓ ஏற்றுக்கொண்டது, அது ஒரு கம்பெனியின் சொத்து கிடையாது. அச்செடுக்கப் போவதை எப்போதும் பிடிஎஃப் ஆக்கிவிடுங்கள். கருவிப்பட்டையில் அதற்கு ஒரே பொத்தான். ஜெராக்ஸ் கடைக்குப் பென்டிரைவில் வேர்டு கோப்பைக் கொண்டுபோய், அங்கே திறந்ததும் பக்கம் கலைந்து, தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்து, பின்னால் வரிசை நிற்கும்போது பதறுவது பிள்ளைகளுக்கு அடிக்கடி நடக்கிறது. அதற்கு லிப்ரே ஆபீஸைத் திட்டிப் பயனில்லை. வேர்டிலேயே செய்த கோப்பும் வேறு கணினியில் எழுத்துரு இல்லாவிட்டால் கலையத்தான் செய்யும். பிடிஎஃப் எழுத்துருவையும் தன்னோடு சுமந்து போகிறது. இன்னொரு நல்ல வசதி: பிடிஎஃப் ஆக்கும்போது ‘ஹைபிரிட் பிடிஎஃப்’ என்று ஒரு டிக் இருக்கும். அதைப் போட்டால் பிடிஎஃப்புக்கு உள்ளேயே அசல் கோப்பும் பதிந்திருக்கும். கடைக்காரருக்கு அது சாதாரண பிடிஎஃப். உங்கள் லிப்ரே ஆபீஸில் திறந்தால் திருத்தக்கூடிய ஆவணம்.

மூன்றாவது வகை, அதாவது பள்ளியிலிருந்து ஆசிரியர் வேர்டு கோப்பு அனுப்பி, நிரப்பி, திருத்தி, திருப்பி அனுப்பச் சொல்வது. லிப்ரே ஆபீஸ் டாக்எக்ஸைத் திறக்கும், சேமிக்கும். சாதாரணக் கடிதம், கட்டுரை, சின்ன அட்டவணை எல்லாம் சரியாகப் போய் வரும். உரைப்பெட்டிகள், படத்தைச் சுற்றி ஓடும் எழுத்து, ஸ்மார்ட் ஆர்ட் படங்கள் நிறைந்த கோப்பில் இடம் நகரும். கலைவதற்குப் பெரிய காரணம் எழுத்துருதான். இதற்கு வழி வைத்திருக்கிறார்கள்: கலிப்ரிக்குப் பதிலாகக் கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்குப் பதிலாகக் கலேடியா, டைம்ஸ் நியூ ரோமனுக்குப் பதிலாக லிபரேஷன் செரிஃப் என்று எழுத்தின் அகலம் துல்லியமாக ஒத்துப்போகும் எழுத்துருக்கள் லிப்ரே ஆபீஸோடு வருகின்றன. வரி முறியும் இடம் மாறாது. தமிழில் லதா எழுத்துருவில் செய்த பழைய கோப்புகள் நிறைய சுற்றிக்கொண்டிருக்கின்றன. விண்டோஸ் 10இல் லதா இயல்பாக இருக்காது. அமைப்புகளில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் போய் ‘தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்’ என்பதைச் சேர்த்தால் லதாவும் விஜயாவும் வந்துவிடும்.

இப்படிப் போய்வரும் கோப்பை முதலிலிருந்து கடைசி வரை ஒரே வடிவத்தில் வைத்திருங்கள். டாக்எக்ஸாக வந்ததை ஓடிடியாக்கி, மறுபடி டாக்எக்ஸாக்கி அனுப்பினால் ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் உதிரும். வந்த வடிவத்திலேயே திருத்தி, அதே வடிவத்தில் அனுப்பினால் சேதம் குறைவு.

அப்படியும் கலைகிறது என்றால் இரண்டாவதாக ஓன்லிஆபீஸ் போட்டுக்கொள்ளுங்கள். லாட்வியாவின் ரிகாவில் இருக்கும் நிறுவனம் செய்வது, கணினிக்கான பதிப்பு இலவசம், மூலநிரலும் திறந்தது. அது டாக்எக்ஸையே தன் சொந்த வடிவமாகக் கொண்டிருப்பதால் வேர்டு கோப்புகள் அதில் பெரும்பாலும் நேராகத் திறக்கும். ஒரே கணினியில் இரண்டும் இருந்தால் ஒன்றும் ஆகாது. ஜெர்மனியின் சாஃப்ட்மேக்கர் தரும் ஃப்ரீ ஆபீஸும் இதே வேலையைச் செய்யும், எடை குறைவு. டபிள்யூபிஎஸ் ஆபீஸ் பார்க்க வேர்டு மாதிரியே இருப்பதால் பலர் சொல்வார்கள், நான் பரிந்துரைக்கமாட்டேன். இலவசப் பதிப்பில் விளம்பரம் வரும். 2024இல் அதன் விண்டோஸ் பதிப்பில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தி ஓர் உளவுக் கும்பல் தாக்கியதை ஈசெட் பாதுகாப்பு நிறுவனம் வெளிக்கொண்டுவந்தது. ஓட்டையை அடைத்துவிட்டார்கள். ஆனாலும் கடைக் கணக்கு இருக்கும் கணினிக்கு அதைவிட நல்லது இலவசமாகவே இருக்கும்போது அது எதற்கு?

உலாவியில் ஓடுபவற்றையும் மறக்கவேண்டாம். மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்று இருந்தால் வேர்டு, எக்செல், பவர்பாயின்ட் மூன்றும் இணையத்தில் இலவசம், 5 ஜிபி சேமிப்பிடத்தோடு. ‘ஆசிரியர் வேர்டிலேயே வேண்டும் என்கிறார்’ என்ற நாளில் சரிபார்க்க அதுவே போதும். கூகுள் டாக்ஸ் ஜிமெயில் கணக்கோடு வருகிறது; 15 ஜிபியை மெயில், டிரைவ், புகைப்படம் மூன்றும் பங்கிட்டுக்கொள்ளும். நான்கு பிள்ளைகள் சேர்ந்து ஒரே புராஜெக்டைச் செய்ய அதைவிட வசதியானது இல்லை. நம்மூரிலிருந்தே ஜோஹோ ரைட்டர் இருக்கிறது. 2005இலிருந்து வரும் மென்பொருள், சென்னையிலும் தென்காசிப் பக்கமும் உட்கார்ந்து எழுதுகிறார்கள். 2025 அக்டோபரில் மத்தியக் கல்வி அமைச்சகம் தன் அலுவலர்களை ஜோஹோ ஆபீஸைப் பயன்படுத்தச் சொன்னது. தனிநபருக்கு இலவசம், எழுதும் திரை சுத்தமாக இருக்கும், எனக்குப் பிடித்த ஒன்று. ஆனால் நெட் போகும் வீட்டில் இவற்றை மட்டும் நம்பியிருக்க முடியாது. கணினியில் ஒன்று இருந்தே ஆகவேண்டும்.

உங்கள் கணவர் விஷயத்துக்கு வருவோம். ஸ்டாக் பட்டியல், பாக்கி நோட்டு, விலைப்பட்டியல், மாத வரவு செலவு எல்லாவற்றுக்கும் கால்க் போதும். டேலி வைத்திருந்தால் அதிலிருந்து வரும் எக்செல் கோப்பை அது நன்றாகத் திறக்கும். எக்செல்லில் எல்லோரும் புகழும் எக்ஸ்லுக்கப், ஃபில்டர், சார்ட் ஆகிய ஃபார்முலாக்கள் 2024 ஆகஸ்டில் வந்த 24.8 பதிப்பிலிருந்து கால்க்கிலும் இருக்கின்றன. பொருளின் பெயரைத் தட்டினால் விலை தானாக வருவது போன்ற வேலையை அதில் செய்துகொள்ளலாம். வெளியிலிருந்து தரவை இழுத்துச் சீராக்கும் பவர் குவெரி கிடையாது, அதை ஹார்டுவேர் கடையில் யாரும் தேடப்போவதும் இல்லை.

தடை எங்கே வருகிறது என்றால் அரசின் எக்செல் படிவங்களில். வருமான வரித்துறை வெளியிடும் ஐடிஆர் எக்செல் யுடிலிட்டி, ஜிஎஸ்டிஆர்-9 ஆண்டு அறிக்கைக்கான ஆஃப்லைன் கருவி போன்றவை எக்செல்லுக்குள் ஓடும் மேக்ரோ என்ற சிறு நிரல்களை நம்பி எழுதப்பட்டவை. விபிஏ மொழியில் எழுதிய அந்த மேக்ரோவை லிப்ரே ஆபீஸ் ஓரளவுதான் புரிந்துகொள்ளும், இந்தப் படிவங்கள் அதில் வேலைக்காகாது. உலாவியில் கிடைக்கும் இலவச எக்செல்லிலும் விபிஏ மேக்ரோ ஓடாது. ஆகவே கணவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: இந்தப் படிவங்களை அவரே நிரப்புகிறாரா, ஆடிட்டர் நிரப்புகிறாரா? ஆடிட்டர் என்றால் கணக்கை அனுப்பினால் போதும், எக்செல் தேவையில்லை. அவரே செய்கிறார் என்றாலும், சிறு வியாபாரிகள் உத்தேச வருமான முறையில் போடும் சுகம் என்கிற ஐடிஆர்-4ஐ வரித்துறைத் தளத்திலேயே நிரப்பலாம். அதற்கும் பொருந்தாத நிலை என்றால் வருடம் முழுக்கச் சந்தா கட்டவேண்டாம். எம்எஸ் ஆபீஸைச் சந்தாவில் தரும் மைக்ரோசாஃப்ட் 365க்கு மாதச் சந்தா உண்டு, தாக்கல் செய்யும் மாதத்துக்கு மட்டும் எடுத்து, தானாகப் புதுப்பிப்பதை அன்றே நிறுத்திவைத்துவிடலாம்.

சந்தாவே வேண்டும் என்ற வீடுகளும் உண்டு, அவர்களுக்காகவும் சொல்கிறேன். மைக்ரோசாஃப்ட் 365 தனிநபர் சந்தா இந்தியாவில் வருடத்துக்கு 5,000 ரூபாய்க்குள் இருந்தது. 2025இல் கோபைலட் என்ற செயற்கை நுண்ணறிவைச் சேர்த்து விலையைக் கூட்டியதில் இப்போது 7,000 ரூபாயை ஒட்டி வருகிறது. குடும்பச் சந்தா அதைவிடச் சற்றுத்தான் அதிகம், ஆறு பேர் வரை பயன்படுத்தலாம், ஆளுக்கு 1 டிபி சேமிப்பிடம். அண்ணன் தம்பி வீடுகள் சேர்ந்து எடுத்தால் ஆளுக்கு ஆகும் செலவு குறைந்துவிடும். ஏற்கெனவே சந்தாவில் இருந்தவர்களுக்கு 2025இல் கோபைலட் இல்லாத ‘கிளாசிக்’ திட்டம் பழைய விலையில் இருந்தது, ஆனால் சந்தாவை ரத்து செய்யப் போகும்போதுதான் அது கண்ணில் பட்டது. இப்படி மறைத்து வைத்ததற்காக ஆஸ்திரேலியாவின் நுகர்வோர் ஆணையம் 2025 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் மீது வழக்கே போட்டது.

ஒரே முறை பணம் கட்டி வாங்கும் ஆபீஸ் ஹோம் 2024உம் உண்டு. வேர்டு, எக்செல், பவர்பாயின்ட், ஒன்நோட் இருக்கும், ஒரு கணினிக்கு மட்டும். ‘லைஃப்டைம்’ என்றாலும் பாதுகாப்புத் திருத்தங்கள் 2029 அக்டோபர் வரைதான். ஆபீஸ் 2016, 2019 இரண்டுக்கும் 2025 அக்டோபரிலேயே ஆதரவு முடிந்துவிட்டது. 2021க்கு 2026 அக்டோபரில் முடிகிறது. ஆகவே பழைய பதிப்பை மலிவாக யாராவது கொடுத்தால் இந்தத் தேதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். மகள் கல்லூரிக்குப் போகும்போது மடிக்கணினி வாங்குவீர்கள். நம் நாட்டில் விற்கும் பல மாடல்களில் ஆபீஸ் ஹோம் அண்ட் ஸ்டூடன்ட் அல்லது ஹோம் கூடவே வருகிறது. பெட்டியிலும் பில்லிலும் பார்த்து, புதிதாகத் திறந்த சில நாட்களுக்குள் அவள் பெயரிலான மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிந்துவிடுங்கள். காசு கொடுத்து வந்த உரிமத்தைப் பதியாமல் விட்டுவிட்டு, பிறகு கடையில் திருட்டுப் பதிப்பைப் போட்டுக்கொள்கிற வீடுகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். கல்லூரி மின்னஞ்சல் கொடுத்தால் அதை வைத்து இணைய ஆபீஸ் இலவசமாகக் கிடைக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள், பல கல்லூரிகளில் கிடைக்கும்.

கடைசியாக உங்கள் மாமனாரின் கட்டுரைகள். இந்த வீட்டில் விலைமதிப்புள்ள கோப்புகள் அவைதான் என்பேன். எல்லாக் கணினிக்கும் கைப்பேசிக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறைக்குப் பெயர் யுனிகோடு; பாமினி யுனிகோடு இல்லை. கணினியைப் பொறுத்தவரை அந்தக் கோப்பில் தமிழே கிடையாது. தமிழ் என்ற சொல் அதில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்து ஆங்கிலக் குறிகளாகத்தான் பதிந்திருக்கும். பாமினி எழுத்துரு அந்தக் குறிகளுக்குத் தமிழ் வடிவம் போட்டுக் காட்டுகிறது. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கிலக் கிறுக்கல் தெரிவது அதனால்தான். அரசு அலுவலகங்களில் புழங்கிய வானவில் எழுத்துருக் கோப்புகளுக்கும் இதே கதை.

அவர் லிப்ரே ஆபீஸில் பாமினியிலேயே தொடர்ந்து எழுத விரும்பினால், எழுத்துருவை ஆங்கிலத்துக்கான பெட்டியில் தேர்ந்தெடுக்க வேண்டும், தமிழுக்கான பெட்டியில் தேர்ந்தெடுத்தால் எதுவும் நடக்காது. அதோடு டூல்ஸ் மெனுவில் ஆட்டோகரெக்ட் போய், வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்குவது, இரண்டு பெரிய எழுத்து சேர்ந்து வந்தால் திருத்துவது இரண்டையும் அணைத்துவிடுங்கள். பாமினியில் சிறிய எழுத்தும் பெரிய எழுத்தும் வெவ்வேறு தமிழ் எழுத்துகள். அந்தத் தானியங்கித் திருத்தம் ஓடிக்கொண்டிருந்தால் அவர் ஒன்று தட்ட, திரையில் வேறொன்று வரும். தான் தட்டச்சில் தடுமாறுவதாகப் பெரியவர்கள் நினைத்துக்கொள்வார்கள், பாவம்.

ஆனால் யுனிகோடுக்கு மாற்றிவிடுவதுதான் நல்லது. மாற்றினால்தான் தேட முடியும், வாட்ஸ்அப்பில் ஒட்ட முடியும், பேரப்பிள்ளைகள் கைப்பேசியில் படிக்க முடியும். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. ஒரு கோப்பை முழுசாக எடுத்து மாற்றும்போது, நடுவில் ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவையும் தமிழ் எழுத்தாகச் சிதறும். அந்த இடங்களைக் கையால் சரிசெய்ய வேண்டியிருக்கும். புதிதாக எழுதுவதற்கு விண்டோஸிலேயே தமிழ் விசைப்பலகை சேர்த்துக்கொள்ளலாம். பாமினி விசை அமைப்பே கையில் படிந்துபோனவர் என்றால் என்எச்எம் ரைட்டர், அழகி போன்றவற்றில் பழைய விசைகளைத் தட்டியே யுனிகோடில் எழுத வழி உண்டு, புதிதாகக் கற்கவேண்டியதில்லை. தட்டுவதே சிரமம் என்றால் குரோம் உலாவியில் கூகுள் டாக்ஸைத் திறந்து, குரல்வழித் தட்டச்சில் தமிழைத் தேர்ந்தெடுத்து, மைக் முன்னால் பேசச் சொல்லுங்கள். தமிழாசிரியரின் உச்சரிப்பு தெளிவாக இருக்கும், நன்றாகவே எழுதிக்கொடுக்கும். நிறுத்தற்குறிகளை மட்டும் பிறகு போட்டுக்கொள்ள வேண்டும்.

மாற்றும் வேலையைத் தொடங்கும் முன் அசல் பாமினிக் கோப்புகளை அப்படியே ஒரு பென்டிரைவில் நகலெடுத்து, பாமினி எழுத்துருக் கோப்பையும் அதே ஃபோல்டரில் போட்டு வையுங்கள். ஒவ்வொரு கட்டுரையும் மாறியதும் அதை அவரே ஒருமுறை படித்துப் பார்க்கட்டும். கொம்பும் காலும் இடம் மாறியிருந்தால் எழுதியவர் கண்ணுக்கு உடனே தெரியும், வேறு யார் பார்த்தாலும் தப்பிவிடும்.